சுவருக்கு ஒரு சோதனை ஓட்டம்

நான் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் வெற்றியில் முடிந்தது என்று எழுத என் கைக்குப் பழக்கம் இல்லை. இதுவரை எழுதியவற்றில் எல்லாம் நான் தோற்றிருக்கிறேன். வாசகர்கள் அதை எதிர்பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் ஆறுதலாகச் சொன்னதும் உண்டு. ஆனால் இந்த முறை ஜெயித்தோம். சாட்சிக்கு ஆவடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு கூட்டமே இருக்கிறது; எல்லாரும் வாழ்நாள் முழுக்கப் பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்கள் என்பதால் அவர்கள் சாட்சியைத் தாராளமாக நம்பலாம்.

விஷயம் ஒரு மாடியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மாடியின் சுவரைச் செங்கல்லில் கட்டுவதா, சாம்பல் நிறத்தில் வரும் லேசான கான்கிரீட் பிளாக்கில் கட்டுவதா என்பதைப் பற்றியது. இதில் இலக்கியம் எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் என் மாமனாரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும்.

மாமனாருக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். இளம் வயதிலேயே ஆவடிக்கு வந்து, ராணுவத்துக்குக் கனரக வண்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, தரப் பரிசோதகராக ஓய்வுபெற்றவர். மாமியார் வேலூர்ப் பக்கம். சிப்பாய்களுக்குச் சீருடையும் கூடாரமும் தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். நாட்டைக் காப்பதில் இரும்பு அவர் பொறுப்பு, துணி இவர் பொறுப்பு. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வயது நெருங்கியபோது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மனை வாங்கி, தூண் எழுப்பி, கீழ்த்தளம் மட்டும் கட்டினார்கள். மாடிப்படியையும் கட்டி வைத்தார்கள். அந்தப் படி இத்தனை வருஷமாக மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவதற்கு மட்டுமே பயன்பட்டது.

நானும் என் மனைவியும் அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுகிறேன். பகலில் யாரும் படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். இரவில் யாரும் படிக்காததைச் சம்பளம் இல்லாமல் எழுதுகிறேன். மனைவிக்கு ஐ.டி. அலுவலகம். வேலை முடிந்ததும் மின்சார ரயில் பிடித்து ஆவடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்து மாத்திரை, அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, மறுபடியும் ஷேர் ஆட்டோ, மறுபடியும் ரயில். அவள் ஒரே பெண். பெற்றோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். முத்தாபுதுப்பேட்டையை விட்டு நகர மாட்டார்கள். கீழ்த்தளத்தில் எங்கள் இருவருக்கும் என் புத்தகங்களுக்கும் இடம் கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மாடிப்படி போய் முடிகிற இடத்தில் ஒரு வீடு.

அதற்காக ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்தோம். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. ஸ்கூட்டரில் வந்து, தூண் ஓரமாக ஆள் வைத்துத் தோண்டி, அஸ்திவாரத்தை எட்டிப் பார்த்து, தூண்களைச் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து தீர்ப்புச் சொன்னார்.

“சார், உங்க வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டும்போது மாடிய மனசுல வெச்சுக் கட்டல. மேல லைட் வெயிட் பிளாக் வெச்சா தாராளமா தாங்கும். செங்கல் வெச்சா சும்மா இருக்கறப்ப நிக்கும். பூமி ஆடினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டா எனக்குத் தூக்கம் வராது. அதனால செங்கல்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சென்னையில பூமி எங்கம்மா ஆடுது?” என்றேன்.

“ஆடாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

வாழ்க்கையில் எத்தனையோ பம்புகளுக்கு நான் உத்தரவாதம் எழுதியிருக்கிறேன். பூமிக்கு எழுதத் துணிவு வரவில்லை.

ஆக, பொறியாளர் கட்சிப்படி பிளாக் என்றால் மாடி உண்டு, செங்கல் என்றால் மாடி இல்லை. மாமனார் கட்சிப்படி செங்கல் என்றால் மாடி உண்டு, பிளாக் என்றால் மாடி இல்லை. வீடு அவர் பெயரில் இருக்கிறது. நடுவில் என் மனைவி ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள்.

பொறியாளர் ஒரு பிளாக்கை மாதிரிக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். சிமெண்டும் சுண்ணாம்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்து, அதில் துளி அலுமினியத் தூள் போட்டால் இட்லி மாவு மாதிரிப் பொங்கி வருமாம். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழ்கள். அதை வெட்டி, பெரிய இரும்பு அண்டாவில் ஆவி கட்டி வேக வைத்தால் பிளாக். அதே அளவு செங்கல் சுவரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். இதையெல்லாம் நான் மாமனாரிடம் ஆர்வமாக விளக்கினேன். இட்லியை உவமைக்கு எடுத்தது நான் செய்த முதல் தவறு.

மாமனார் பிளாக்கைச் சாவியால் கீறினார். மாவு உதிர்ந்தது. ஆணி ஒன்றை அடித்தார். வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. இழுத்தால் அப்படியே திரும்பி வந்தது. கடைசியாக அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மிதந்தது.

“மெதக்குது, மாப்ள,” என்றார். குரலில் கோபம் இல்லை. பரம்பரைச் சொத்து பறிபோனதைச் சொல்லும் துக்கம்தான் இருந்தது. “இட்லியில வீடு கட்டி, அதுக்குக் கீழ என்னையப் படுக்கச் சொல்றீக.”

இந்த நேரம் பார்த்து நிலநடுக்கமும் ஒரு கை கொடுத்தது. கடலுக்குள் எங்கோ ஏற்பட்ட அதிர்வில் ஒரு பிற்பகல் எங்கள் அம்பத்தூர் அடுக்குமாடி லேசாக ஆடியது. மின்விசிறி ஊஞ்சலாடியது. எல்லாரும் படியில் இறங்கி ஓடினோம். நான் கீழே வந்து பார்த்தபோது என் கையில் ஒரு புத்தகம் இருந்தது. விரலை வைத்துப் பக்கத்தைக்கூடக் காப்பாற்றியிருந்தேன். மனைவி கேஸை மூடி, சாவி எடுத்து, ஆதார் அட்டைகளைப் பையில் போட்டு, எனக்கு முன்பே கீழே நின்றாள்.

மாமனாரிடமிருந்து போன் வந்தது.

“அங்க ஆடுச்சாமே?”

“ஆமா மாமா. உங்களுக்கு?”

“ஒண்ணுமே தெரியல. தூங்கிக்கிட்டிருந்தேன். செவப்புக் கல்லு, மாப்ள. வெயிட்டு. அசைக்க முடியுமா?”

தூரத்து அதிர்வு மேல் தளங்களில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், தரையில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாதிட்டேன். என் வாதம் இதுதான். பூமி ஆடும்போது கட்டடத்தை யாரும் வெளியிலிருந்து தள்ளுவதில்லை. கால் நகர்கிறது, உடம்பு நகர மறுக்கிறது. உடம்பு எவ்வளவு கனமோ அவ்வளவு கனமாகக் காலை இழுக்கும். “பஸ்ல நின்னுக்கிட்டுப் போறோம் மாமா. டிரைவர் படக்குனு பிரேக் போடறாரு. தலையில அரிசி மூட்டை இருந்தா நாம என்ன ஆவோம்? அதுவே பொரி மூட்டையா இருந்தா?”

மாமனார் யோசித்தார்.

“பஸ்ல அரிசி மூட்டைய எதுக்குத் தலையில வெச்சுக்கிட்டு நிக்கிறீக? எறக்கி வைக்க வேண்டியதுதான?”

“வீட்டுக்கு எறக்கி வைக்க முடியாது மாமா.”

“அப்பப் பொரி மூட்டை மட்டும் நிக்குமாக்கும்? காத்தடிச்சாப் போயிரும். என்னோட சர்வீஸ்ல எடையில்லாத ஒண்ணப் பலமானதுன்னு யாரும் கொண்டாந்ததில்ல.” பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். “சும்மா பேச்சு வேணாம். டிராக்ல விட்டுருவோம்.”

அவர்கள் தொழிற்சாலையில் செய்த வண்டி எதுவும் அப்படியே வாசலைத் தாண்டாது. மேடும் பள்ளமுமாக ஒரு பாதை போட்டு வைத்திருப்பார்களாம். அதில் ஓட்டுபவரின் பல் ஆடும் அளவுக்கு வண்டியை ஓட்டி, இறக்கி, ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பரிசோதகர் முத்திரை குத்துவார். வரைபடம் போட்டவர் சொன்னார், படித்தவர் சொன்னார் என்று எதையும் ஏற்றதில்லை. வண்டிக்கு உண்டான நியாயம் சுவருக்கும் உண்டு என்றார் மாமனார்.

அன்று ரயிலில் திரும்பும்போது மனைவி சொன்னாள்: “டிராக்ல விடறேன்னு அப்பா சொன்னா பாதி சம்மதம்னு அர்த்தம். நீங்க இனிமே வாயத் திறக்காம இருந்தா மீதியும் வந்துடும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்பாடுகள் எல்லாவற்றையும் மாமனாரே செய்தார். கான்கிரீட் தட்டுகள் இரண்டு வார்க்கப்பட்டன. ஒவ்வொன்றின் மேலும் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுவர். மூலை இல்லாத சுவர் சுவரே இல்லை என்பதால் இரண்டையும் மடக்கிக் கட்டச் சொன்னார். ஒன்று செங்கல், ஒன்று பிளாக். மேஸ்திரிக்கு அவர் போட்ட ஒரே கட்டளை: ரெண்டுக்கும் ஒரே கண்டிஷன். செங்கல்லைக் கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப் போடுவது வழக்கம். ஆகவே பிளாக்கும் ஊற வேண்டும். அதுதான் மிதக்குமே என்றால், தொட்டியில் போட்டு மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். செங்கல்லுக்கு எந்தச் சிமெண்டுச் சாந்தோ, எந்தக் கனத்தில் பூசினார்களோ, பிளாக்குக்கும் அதுவே. தினமும் காலையும் மாலையும் இரண்டு சுவருக்கும் ஒரே அளவு தண்ணீர். பிள்ளைகளை இவ்வளவு பாரபட்சம் இல்லாமல் வளர்த்த பெற்றோரை நான் பார்த்ததில்லை.

டிராக்குக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தெருவுக்கு அப்பால் குழாய் பதிக்கத் தோண்டி, அரையும் குறையுமாக மூடிய சாலை ஒன்று இருந்தது. யார் தோண்டினார்கள், எப்போது மூடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மாமனார் அதைக் காலையில் போய்ப் பார்வையிட்டு, “எங்க டிராக்கே இவ்வளவு நல்லா இருக்காது,” என்று சான்றிதழ் கொடுத்தார்.

சோதனை நாளன்று, அவருடைய நடைப்பயிற்சி நண்பர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியோடு சாலையோரம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் அதே தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்கள். எந்தக் குழிக்கு அருகில் உட்கார்ந்தால் அதிர்வு நன்றாகத் தெரியும் என்பதில் அவர்களுக்குள் சின்னப் போட்டியே நடந்தது. சுவர்களைக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக ஏற்றிக் கட்டினார்கள். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஊட்டப் பேத்து எட்த்துகினு வந்துகிறீங்க? ஷூட்டிங்கா?”

“இது டெஸ்ட்டுப்பா,” என்றார் மாமனார். “குழியப் பாத்து ஓட்டு.”

“அதெல்லாம் கரீட்டா ஒதுக்கி ஓட்டிடுவேன் நைனா.”

“ஒதுக்காத. குழியில எறக்கி ஓட்டு.”

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “இத்தினி வருசத்துல இப்டி ஒர்த்தரும் கேட்டதில்ல,” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

முதல் நடையிலேயே பிளாக் சுவர் மூலையில் வாய் திறந்தது. திரும்பி வரும்போது தோசை அடுக்கு சரிவதுபோல மேல் வரிசை ஒருபுறமாகச் சரிந்தது. அதைத் தொடர்ந்து மற்ற வரிசைகளும். செங்கல் சுவர் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. நாற்காலிகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாமனார் கெக்கலி கொட்டவில்லை. அவர் அந்த ரகம் இல்லை. விழுந்ததைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ரிஜெக்ட்டு,” என்றார், அவ்வளவுதான்.

மனைவி உள்ளே போய் அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டாள். அன்று ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அன்னனூர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, “பரவால்ல. ரயில் இருக்கே, போயிட்டு வந்துக்கலாம்,” என்றாள். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை.

மறுநாள் மாலை மாமியாரிடமிருந்து உத்தரவு வந்தது: உடனே வரவும். போனோம். மாமியார் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எதிரே விழுந்த பிளாக்குகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மாமனார் பக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஏங்க, உங்களத்தான். இதுல ஒரு கல்லாவது ஒடஞ்சிகிதா, பாத்து சொல்லுங்க.”

மாமனார் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மொனையில லேசா பேந்துருக்கு.”

“ஒடஞ்சிகிதா?”

“இல்ல.”

“அப்ப எது புட்டுக்கிச்சு?” மாமியார் ஒரு பிளாக்கின் அடியில் நகத்தை வைத்து நெம்பினார். சாந்து பிஸ்கட் மாதிரி ஒரே தகடாகப் பெயர்ந்து வந்தது. “துணி கிழியல. தையல் பிரிஞ்சிகீது. துணியக் குத்தம் சொல்லி ரிஜெக்ட்டுன்னு போட்டீங்களே, எங்க ஷாப்புல இப்டிப் போட்டிருந்தா உங்கள வாசல்லயே நிறுத்தியிருப்பேன்.”

“ரெண்டுக்கும் ஒரே சாந்து, ஒரே தண்ணி. கண்டிஷன்ல ஒரு கொறையும் இல்ல,” என்றார் மாமனார்.

“அதான் கொற. காக்கி டிரில் துணிக்குப் போடற ஊசியையும் நூலையும் பாராசூட்டுத் துணிக்குப் போடுவாங்களா? போட்டுட்டு, ரெண்டுக்கும் ஒரே ஊசிதான் போட்டேன், நான் ரொம்ப நாயமானவன்னு நிப்பீங்களா?”

மாமனார் நின்றார். நான் பொறியாளரை போனில் பிடித்து, நடந்ததைச் சொன்னேன்.

“ஊற வெச்சீங்களா? எதுக்கு சார்? சாம்பார் இட்லியா அது?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமனார் முகம் போன போக்கை நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டேன்.

செங்கல் ஊற வேண்டும்; ஊறாவிட்டால் சாந்தில் உள்ள தண்ணீரைக் குடித்துவிடும். பிளாக்கை மேலாக ஈரத்துணியால் துடைத்தாற்போல் நனைத்தால் போதும். முழுக்க ஊறினால் பிறகு காயும்போது சுருங்கும். சுருங்கும்போது சாந்தை விட்டுவிடும். அதற்கென்று மூட்டையில் வரும் பசையைக் கலந்து, மெல்லிசாக, பல் வைத்த கரண்டியால் இழுத்து ஒட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் பொறியாளர், “அடுத்த தடவை என்னையும் கூப்பிடுங்க, நானும் பாக்கணும்,” என்றார்.

அடுத்த தடவை உண்டா என்பதை மாமனார்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் அவரைப் பார்த்தோம். மனைவி கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள்.

“பார்ட்டு ஃபெயிலாகல,” என்றார் அவர் மெதுவாக. “ஃபிட்டிங்தான் ஃபெயிலு. ஃபிட்டிங் தப்புன்னா ரீ டிரையல் குடுத்தே ஆகணும். அதான் ரூலு.” பிடிக்காத விதியையும் விதி என்பதற்காகவே கடைப்பிடிக்கும் ஆள்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்று தெரிந்தது.

இரண்டாம் முறை பொறியாளர் நேரில் வந்து நின்று, இரண்டு சுவரையும் புதிதாகக் கட்ட வைத்தார். பிளாக்கை ஒட்டும் முறையைக் காட்டிக்கொடுத்ததோடு விடவில்லை; இரண்டு சுவருக்கும் நடு உயரத்தில் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஒன்று ஓட வேண்டும், மூலையில் மடங்கிப் போக வேண்டும் என்றார். “செங்கல்லையும் நியாயமா நடத்தணும் சார். நல்லாக் கட்டின செங்கல் சுவரும் நிக்கும். எதையும் இழுத்துக் கட்டாம அடுக்கி வெச்சா எதுவும் விழும்.”

மாமனாருக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷம் பிடித்துப்போனது. “இந்தப் புள்ளை இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்திருக்கணும்,” என்றார். எங்கள் கல்யாணத்தின்போதுகூட என்னைப் பற்றி அவர் இவ்வளவு சொன்னதாக நினைவில்லை.

மறுபடியும் நாற்காலிகள் வந்தன. இந்த முறை எண்ணிக்கை கூடியிருந்தது. மாமியாரின் தொழிற்சாலைப் பெண்களும் நான்கைந்து பேர் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். அதே ஓட்டுநர். “இன்னா நைனா, போன தபா உய்ந்தத மறுபடி கட்டிகினு வன்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே பெரிய குழியாகப் பார்த்து இறக்கினார்.

போனது, வந்தது. மறுபடியும் போனது, வந்தது. ஒவ்வொரு குழியிலும் வண்டி நொண்டியடித்துக் குதித்தது. இரண்டு சுவரும் அதோடு சேர்ந்து குதித்தன. நான் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினேன். மனைவி மூடவில்லை. இன்னொரு நடை, இன்னொரு நடை என்று மாமனார் விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“செவுரு தாங்கும் போல கீது நைனா. நான் தாங்க மாட்டேன்.”

சாலையோரம் இருந்தவர்கள் எழுந்துவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குத் தடவினார்கள், தட்டினார்கள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரிசல் தேடினார்கள். செங்கல் சுவரில் அடித்தட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பிளாக் சுவரில் அதுகூட இல்லை. யாரோ கைதட்டினார்கள். எதிர்ப்பக்கப் பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். நான் நிலநடுக்கம் குறித்துச் சில கருத்துகளைச் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மாமனார் தீர்ப்பைச் சொன்னார். “ரெண்டும் பாஸு.”

கைதட்டல் நின்றது. இரண்டும் பாஸ் என்றால் அவர் செங்கல்லைத்தான் எடுப்பார். செங்கல் என்றால் பொறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். அலைந்து திரிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். மனைவியின் பிடி என் மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

“நைனா, இத்தப் பாத்தியா?” என்றார் ஓட்டுநர். வண்டியின் பின்னால் குந்தியிருந்தார். “இந்தப் பக்கம் ஸ்பிரிங்கு சுத்தமா ஒக்காந்துட்ச்சு. செங்கல்லு வெச்ச பக்கம்.”

மாமனார் போய்ப் பக்கத்தில் குந்தினார். மூட்டுவலிக்காரர், ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குந்த முடிந்தது. இடப்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தார், வலப்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தார். வண்டி ஒருபுறமாகச் சாய்ந்துதான் நின்றது. இவ்வளவு நேரம் எல்லாரும் சுவரையே பார்த்ததில் யாரும் கவனிக்கவில்லை. கையால் இரண்டு சக்கரத்துக்கும் மேலிருந்த இடைவெளியை அளந்தார். எழுந்திருக்கவே இல்லை. நாற்காலிக்காரர்களில் ஒருவர், “என்னப்பா, ஏதாச்சும் கழண்டுக்கிச்சா?” என்று கேட்டார்.

“நம்ம வண்டியில பலம் பத்தலன்னு என்னிக்காவது ஃபைல் வந்துருக்கா?” என்று அவரைத் திருப்பிக் கேட்டார் மாமனார்.

“எப்பவும் எடை கூடிருச்சுன்னுதான் வரும்.”

“ஏன் வரும்?”

“வண்டி ஏறிப் போற பாலம் தாங்கணும்ல.”

மாமனார் பொறியாளரை அண்ணாந்து பார்த்தார். “ஏம்மா, என் வீடுதான் பாலமா?”

அந்தப் பெண் தலையாட்டினார். “ஆமா சார். உங்க தூணும் அஸ்திவாரமும்தான் பாலம். மேல போறது வண்டி. பூமி ஆடறப்ப வண்டி பாலத்து மேல பிரேக் போட்ட மாதிரி.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” அவர் கை நீட்ட, இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். “வண்டி எவ்வளவு பலமா இருந்தாலும் பாலத்துக்கு மீறின எடைன்னா அதுக்கு முத்திரை கெடையாது. நானே எத்தனைய திருப்பி அனுப்பியிருக்கேன். இவரு என்னடான்னா, அரிசி மூட்டை, பொரி மூட்டைன்னு என்னென்னமோ பேசிக்கிட்டிருந்தாரு.”

இவர் என்று அவர் காட்டியது என்னை. எனக்கு அது உறைக்கவே இல்லை. மனைவி என் மணிக்கட்டை விட்டுவிட்டு அப்பாவிடம் போனாள். அவர் அவளைப் பார்க்காமல் பிளாக் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “இதையே வெச்சுக் கட்டு, தாயி. ஒட்டுற பசை மட்டும் என் முன்னாடிதான் கலக்கணும்.”

இந்த முறை கைதட்டல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

செங்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மாமனாரின் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். செங்கல் மோசமில்லை. அதற்குத் தகுந்த அஸ்திவாரமும் இழுத்துக் கட்டிய பட்டையும் இருந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். ஆணியும் நன்றாகப் பிடிக்கும். பிளாக்கில் ஆணி அடிக்கப் போனால் அதற்கென்று பிளாஸ்டிக் செருகி வாங்க வேண்டும், ஈரம் ஏறாமல் பூச்சைக் கவனமாகப் பூச வேண்டும், தூணோடு சுவரைக் கம்பித் தகடு வைத்துப் பிணைக்க வேண்டும். இரண்டுக்கும் பரிவு வேண்டும். அது ஒரே மாதிரிப் பரிவாக இருக்கக் கூடாது. நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு குட்டியானையின் ஸ்பிரிங் போயிற்று.

மாடி எழும்பத் தொடங்கியது. மாமனார் தினமும் பசைக்குக் காவல் இருந்தார். முனை பெயர்ந்த பிளாக்குகளைத் தனியாக ஒதுக்கிக் காலால் தள்ளினார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, பாலத்தைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் விளக்கினார். கேட்டவர்கள் அதை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நினைத்தார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபித்தால் பொரி மூட்டைக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

முன்னறைச் சன்னலின் அடிமட்டத்துக்குச் சுவர் வந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி கீழே அடுக்கியிருந்ததில் ஒரு பிளாக்கைத் தானே தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். மேஸ்திரி கை நீட்டினார், கொடுக்கவில்லை. ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். பல் வைத்த கரண்டியில் பசையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிளாக்கை வைத்தாள். மாமனார் ரசமட்டத்தை அதன் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார்.

“லேசா வலது பக்கம் தட்டு.”

தட்டினாள்.

“ம். இருக்கட்டும்.”

அவள் அந்த அரைச் சுவருக்கு உள்பக்கமாகப் போய் நின்றுகொண்டு வெளியே பார்த்தாள். வேப்பமரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் யாருடைய லுங்கியோ. பெரிய காட்சி ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே இருந்து மாமியார் குரல் கொடுத்தார். “ஏம்மா, காப்பி ஆறிப் போவுது. எங்ககீற நீ?”

அவள் திரும்பாமலே, தெரு முழுக்கக் கேட்கும்படிப் பதில் சொன்னாள்.

“மேல குடுத்தனுப்பும்மா. நான் எங்க வீட்ல இருக்கேன்.”

காப்பியை எடுத்துக்கொண்டு படியேறியது நான்தான். பாதி தளும்பிவிட்டது. அவள் மீதியைக் குடித்தாள்.